பெயர் சொல்லாத ஒப்பாரி

ரஷ்யாவில், எஸ்தோனிய எல்லைக்குப் பக்கத்தில் லூகா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் நாஸ்தோவிடம் மணி கேட்டால்கூட, "எதுக்குக் கேக்குற?" என்பாள். மீன் கூட்டுப்பண்ணையில் மீனுக்கு உப்புப் போடும் வேலை அவளுக்கு. கணவன் போரிலேயே போய்விட்டான்.

அவள் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. போரின்போது, ஜெர்மன்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த சமயம், படிப்பாளி ஒருவர் வந்து எங்கள் சின்ன இனம் மட்டுமே பேசும் வோத் மொழிப் பாட்டுகளைக் கேட்டார். ஜனங்களும் ஆசையாகப் பாடினார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே லாரிகள் வந்தன. ஊரையே அள்ளிக்கொண்டுபோய், எஸ்தோனியாவில் ஒரு முகாமில் போட்டுப் பிறகு பின்லாந்துக்குக் கப்பலேற்றினார்கள். போர் முடிந்து திரும்பியவர்களைச் சோவியத் அதிகாரிகள் ஊருக்குள் விடாமல் எங்கோ தொலைவில் குடியேற்றினார்கள். நாஸ்தோ வீடு வந்து சேரப் பல வருடமாயிற்று.

அவள் தங்கை தார்யா வரவே இல்லை. முகாமில் காய்ச்சல் கண்டு செத்துவிட்டாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் நாஸ்தோ சொன்னாள். உண்மையில் தார்யா முகாமிலிருந்து நழுவி ஏதோ ஒரு பண்ணைவீட்டில் ஒளிந்துகொண்டாள். அதற்குப் பிறகு இருக்கிறாளா இல்லையா என்பது நாஸ்தோவுக்கே தெரியாது.

ஊர் திரும்பிய புதிதில், மீன் கொட்டகையில் ருஷ்ய மொழி பேசாமல் வோத் மொழி பேசியதற்காக அலுவலகத்தில் கூப்பிட்டு அவளை அதட்டினார்கள். போட்டுக்கொடுத்தது பக்கத்து வீட்டு நாத்தனார் ஒக்குலிதான் என்று நாஸ்தோ தானாக முடிவுகட்டினாள். அவளிடம் கேட்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு கோடையில் எஸ்தோனியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஹெல்வி என்ற ஆராய்ச்சிக்காரி டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் மொழியையே கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசினாள்.

"அக்கா, பழைய பாட்டு ஏதாவது பாடுங்களேன்."

"எனக்குப் பாட்டெல்லாம் வராது."

"ஒக்குலி அக்கா நீங்க நல்லாப் பாடுவீங்கன்னு சொன்னாங்களே."

"அவ சொல்லுவா! முன்னாடியும் இப்படித்தான் ஒருத்தர் வந்து பாட்டுக் கேட்டாரு. பின்னாலேயே லாரி வந்துச்சு. உன் லாரி எங்க நிக்குது?"

ஹெல்வி ஒரு நாடாவைச் சுழலவிட்டாள். எங்கள் ஊர் ஊஞ்சல் பாட்டு. அடி முடியும் இடத்தில் மூச்சை விழுங்கிப் பாடும் அந்தக் குரல் தார்யாவுடையது.

"எங்க பக்கம் ஒரு பண்ணையில இருக்காங்க. எஸ்தோனியப் பேர் வச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

நாஸ்தோவின் கை உப்புக்குள் அப்படியே நின்றது. தெரியும் என்றால், இத்தனை வருடம் சொன்னது பொய் என்றாகும். தங்கை பெயர் மாற்றிக்கொண்டதும் வெளியே வரும். இவள் யாருடைய ஆளோ?

"எனக்கு இருந்தது ஒரு தங்கச்சி. அவ செத்துட்டா" என்றாள்.

ஆனால் மறுநாள் அவளே ஹெல்வியைத் தேடிப் போனாள். "செத்தவளுக்கு ஒப்பாரி வைக்கறேன். டேப்புல பிடிச்சுக்கோ."

எங்கள் ஒப்பாரியில் யாருடைய பெயரும் வராது. அம்மாவை அம்மா என்றுகூடச் சொல்ல மாட்டோம். 'என்னைச் சுமந்த வெளிச்சமே' என்போம். 'ஒரே கூட்டில் பொரிந்த சிறகே' என்று நாஸ்தோ தொடங்கினாள். வீடு மறுபடி கிடைத்தது, அடுப்பு எரிகிறது, பக்கத்துக் கட்டில் காலியாகவே கிடக்கிறது என்று அழுதாள். எந்த அதிகாரி கேட்டாலும் அது செத்தவளுக்கான அழுகைதான். முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பண்ணைக்காரிக்குப் பாட்டுன்னா பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

"போட்டுக் காட்டறேன் அக்கா" என்றாள் ஹெல்வி.

அடுத்த கோடையில் அவள் பதிலோடு வந்தாள். தார்யாவும் ஒப்பாரியில்தான் பாடியிருந்தாள். ஆனால் நடுவில் அழுகையை நிறுத்திவிட்டுச் சாதாரணப் பேச்சில், "நீ அவதான்னா, நாம விட்டுட்டுப் போன மாட்டுக்கு எந்தக் கொம்பு உடைஞ்சிருந்துச்சு, சொல்லு" என்று கேட்டிருந்தாள்.

நாஸ்தோ வாய்விட்டுச் சிரித்தாள். "கொம்பே கிடையாது அதுக்கு! என்னையே சோதிக்கிறா பாரு, கள்ளி!"

அந்த இலையுதிர் காலத்தில், எஸ்தோனியப் பக்கம் நார்வாவில் பல் டாக்டரிடம் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வேலியோரம் ஒக்குலி ஒரு பொட்டலத்தோடு நின்றாள். புகையில் வாட்டிய மீன்.

"பல்லு வலிக்கிறவளுக்கு மீனா?"

"உங்களுக்கு இல்ல அண்ணி. தார்யாவுக்கு. அவளுக்கு இது உசிராச்சே."

நாஸ்தோ அக்கம்பக்கம் பார்த்தாள். "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. தங்கச்சி செத்துட்டான்னீங்க. அத்தனை வருஷத்துல ஒரு தடவகூட அவளுக்கு ஒப்பாரி வைக்கலையே நீங்க. அவ உசிரோட இருக்கான்னு அப்பவே புரிஞ்சுக்கிட்டேன். இப்ப எஸ்தோனியாவுக்குக் கிளம்புறீங்க, வேற யாரைப் பார்க்க?"

"தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்?"

"அப்போ கொட்டகையில நான் பேசுனத..."

"அதே நாள் என்னையும்தான் கூப்பிட்டு அதட்டுனாங்க. நீங்கதான் போட்டுக்கொடுத்தீங்கன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன்!"

பஸ் ஹாரன் அடித்தது. நாஸ்தோ பொட்டலத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலைத் திறந்து, "அப்ப யாருடி அது?" என்று கத்தினாள்.

அது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் தங்கையைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, கொட்டகையில் நாஸ்தோவும் ஒக்குலியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரில் ஒவ்வொருவர் மேலும் முறை வைத்துச் சந்தேகப்பட்டார்கள், வோத் மொழியிலேயே.