ஆடி அமாவாசையன்று இறங்காத கரை

இதை எழுதவென்று எத்தனையோ தரம் கொப்பியும் பேனையுமாக இருந்திருக்கிறேன். பிள்ளையார் சுழி போடுவேன். உடனே அம்மாவின் முகம் வரும், கொப்பியை மூடிவிடுவேன். விரதநாளில் ஒரு மனுசி வாய் கூசாமல் பொய் சொன்ன கதை இது. சொன்னவர் என்னைப் பெற்றவர். அவர் இருக்கும்வரை எழுத மனம் வரவில்லை. அவர் போய் ஆறு வருஷமான பிறகும், படிக்கிறவர்கள் அவரை என்ன நினைப்பார்களோ என்ற பயம் போகவில்லை. போன கிழமை என் மகள், அம்மப்பாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் இந்த ஒரு நாளில்தான் வந்து நிற்கிறது. அதனால் முருகன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஊரில் மூன்றாம் வகுப்பு, இங்கே ஹைஸ்கூல். தமிழ் என்றால் சனிக்கிழமை வகுப்பும் தேவாரப் புத்தகமும். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது. அம்மாவும் நானும் கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அப்பா எங்களோடு இல்லை. ஊரில் ஒருநாள் காலை, மண்ணெண்ணெய் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. கண்டோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. நான்கு வருஷம் ஆகியிருந்தது. யாராவது கேட்டால் அம்மா, "அவர் இன்னும் வரேல்லை" என்பார். கடைக்குப் போனவர் கொஞ்சம் சுணங்கிவிட்டார் என்பதுபோல.

அப்பாவின் தமையன், என் பெரியப்பா, முந்திய வருஷம்தான் மகன் ஸ்பொன்சர் செய்து வந்திருந்தார். அதே கட்டடத்தில் நான்காம் மாடி. மெலிந்த மனிதர், வலது முழங்காலில் வாதம். ஆங்கிலம் அவருக்குத் 'தாங்க்யூ'வோடு சரி. பஸ்ஸில் ஏறினாலும் தாங்க்யூ, யாராவது காலை மிதித்தாலும் தாங்க்யூ. டொக்டரிடம் போவதென்றாலும் அம்மாவோ நானோ கூடப் போகவேண்டும்.

அந்தக் கோடை தொடங்கியதிலிருந்து பெரியப்பாவுக்கு ஒரே கனவு. அப்பா வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று தண்ணீர் கேட்கிறாராம். செம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஆளைக் காணோம்.

"தம்பிக்குத் தாகம், பிள்ளை. அதை ஆத்தாமல் நான் ஒரு வாய் குடிக்க ஏலாமல் கிடக்கு" என்று எங்கள் சோபாவில் இருந்து அம்மாவிடம் சொல்லி அழுதார்.

ஒரு கோயிலுக்குப் போய், ஆடி அமாவாசைக்குத் தன் தகப்பனாரின் பேரோடு தம்பியின் பேரையும் சேர்க்கச் சொன்னார். திதி என்ன என்று ஐயர் கேட்டார். தெரியாது. செய்தி நிச்சயமோ என்று கேட்டார். அதுவும் தெரியாது. நிச்சயமில்லாமல் எப்படிச் செய்வது என்று ஐயர் கவலையோடு சொல்லிவிட்டார். தகப்பனாருக்குரிய அரிசி காய்கறித் தானத்தை அங்கே ஒப்படைத்துவிட்டு வந்த பெரியப்பா, தம்பிக்குரியதைத் தானே செய்வதென்று தீர்மானித்தார். ஊரில் கீரிமலைக் கடலில் செய்வதை இங்கே ஏரியில் இறங்கிச் செய்யலாம். ஆண்பிள்ளை இல்லாத வீடு. மகளான என் கையால் எள்ளும் தண்ணீரும் விட்டால் போதும் என்றார். அமாவாசை பின்னேரம் மூன்றரைவரை நிற்கிறது என்று, தமிழ்க்கடையில் கொடுத்த கலண்டரில் பார்த்துக் கோடும் போட்டுவைத்தார்.

எள்ளும் தண்ணீரும் இறந்தவர்களுக்கு மட்டும் விடுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தூரத்தில் இருக்கிற அப்பாவுக்குத் தண்ணீர் அனுப்பப்போகிறோம், என் கையிலிருந்து அது நேரே அவரிடம் போய்ச்சேரும் என்றுதான் விளங்கிக்கொண்டேன். இரண்டு நாளாக எனக்கு அதே நினைப்பு. அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூத்தவர் சொன்னதை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர். ஆனால் அவர் நெஞ்சுக்குள் கிடந்தது இன்று எனக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் என் கையிலிருந்து விழுந்துவிட்டால் அப்பா இறந்தவர். அதற்குப் பிறகு அவருக்காகக் காத்திருக்க முடியாது.

அன்று அம்மா விடியவே தலைக்கு வார்த்துச் சமைத்துவைத்தார். குங்குமப் பொட்டை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்திருந்தார். பெரியப்பா வேட்டி சால்வையோடு மேலே ஏறிவந்து சட்டிகளைத் திறந்து பார்த்தார்.

"காத்தோட்டிக்காய் இல்லாமல் ஒரு ஆடி அமாவாசை" என்று பெருமூச்சுவிட்டார். ஊரில் அன்றைய சமையலில் கட்டாயம் இருக்கும் கசப்புக் காய் அது.

"பாகற்காய் வைச்சிருக்கிறன் அண்ணை. கைப்புக்குக் குறைவில்லை" என்றார் அம்மா. அப்பா கூப்பிட்டமாதிரியே அம்மாவும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்.

செம்பு, கடதாசியில் சுற்றிய எள்ளுச் சரை, தர்ப்பை எல்லாம் ஒரு பலசரக்குக் கடைப் பையில். பெரியவர்கள் இருவருக்கும் பச்சைத்தண்ணீரும் இல்லாத விரதம். எனக்கு மட்டும் அம்மா ரெண்டு துண்டு பாணும் ஒரு போத்தல் தண்ணீரும் எடுத்துக்கொண்டார்.

பத்து மணிக்குக் கிங்ஸ்டன் ரோட்டில் பஸ்ஸால் இறங்கினோம். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். முந்திய கோடையில் அம்மா வேலைசெய்த பக்டரிக்காரர்கள் எங்களை அங்கே பிக்னிக் கூட்டிப்போயிருந்தார்கள். தெற்கே ஒரு வீதி சரிவாக இறங்கி நேரே ஏரிக்கரைக்குப் போகும். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். அம்மா என் கையைப் பிடித்து மற்றப் பக்கம் திருப்பினார்.

"உந்த வழி அடைச்சுப்போட்டாங்கள் அண்ணை. கிழக்காலை போனால் வேறை வழி கிடக்கு."

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அப்படித் தொடங்கியது அந்த நடை. ஸ்காபரோவின் தெற்கு விளிம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊர் அப்படியே போய்க்கொண்டிருக்கும். ஒரு வீதி, வேலி, புல், அதற்கப்பால் ஒன்றுமில்லை. சாம்பல் வெள்ளைக் களிமண் செங்குத்தாக அறுந்து விழுந்திருக்கும். பத்துப் பனை உயரத்துக்குக் கீழே ஏரி. சில இடத்தில் மண் கரைந்து ஊசிபோல நிற்கும். மதிலில் ஆணி அடித்துப் பிடுங்கியதுபோலப் பொட்டுப் பொட்டாகத் துவாரங்கள்; அவற்றுக்குள்ளிருந்து சின்னக் குருவிகள் புறப்பட்டு எங்கள் காலுக்குக் கீழே பறந்தன. குருவியின் முதுகை நான் முதல்முதல் பார்த்தது அன்றுதான். ஒரு வீட்டுப் பின்வளவின் வேலி, நிலம் போய்விட்டபடியால் கம்பியில் அந்தரத்தில் தொங்கியது.

பெரியப்பா ஒவ்வொரு வீதி முடிவிலும் எட்டிப் பார்த்தார். "கீரிமலையிலை கல்லாலை படி கட்டி வைச்சிருக்கினம். இவ்வளவு பெரிய நாட்டுக்காரர் ஒரு படி கட்டேல்லையே!" என்று கனடா அரசாங்கத்தைக் கண்டித்தார்.

வெயில் ஏறியது. ஒரு பூங்காவில் நாயோடு வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், வேட்டியும் சால்வையுமாக நின்ற பெரியப்பாவைக் கண்டு நின்றார். கரையைத் தேடுகிறீர்களா என்று ஆங்கிலத்தில் அம்மாவிடம் கேட்டார். வந்த வழியே திரும்பிப் போங்கள், பெரிய வீதி ஒன்று கீழே இறங்குகிறது, கட்டாயம் காண்பீர்கள் என்று கையைக் காட்டினார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அம்மா சிரித்துத் தலையாட்டினார்.

"என்னவாம்?" என்றார் பெரியப்பா.

"அந்தப் பக்கம் போகவேண்டாமாம் அண்ணை. மண் சரியுதாம்."

"நல்ல மனுசன்!" பெரியப்பா கிழவர் போன பக்கம் பார்த்து, உரக்க, "தாங்க்யூ!" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்குத் தண்ணீர் அனுப்பும் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. இந்த அம்மா ஏன் இப்படிச் செய்கிறார்? ஆனால் அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வீதி இருந்த பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அந்தச் சரிவான வீதியில் பெரியப்பாவின் முழங்கால் தாங்காது, விழுந்துவிடுவார் என்றுதான் அம்மா பயப்படுகிறார். அப்படி நினைத்ததும் அம்மாமேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

மதியம் கழிந்தது. பெரியப்பாவின் உதடுகள் வெடித்திருந்தன. காலை இழுத்து இழுத்து நடந்தார். ஓரிடத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தவர் சத்தம் போட்டார்.

"பிள்ளை! உதிலை ஆக்கள் நிக்கினம்! குடையும் விரிச்சிருக்கினம், ஒரு நாயும் நிக்குது. உவை எப்பிடி இறங்கினவை?"

அம்மாவும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பிறகு, "போட்டிலை வந்திருப்பினம் அண்ணை" என்றார்.

"அந்த நாயுமோ?"

"நாயையும் ஏத்துவினம்."

பக்கத்தில் ஒரு வாங்கு இருந்தது. பெரியப்பா அதில் அமர்ந்து முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று மணி. என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"குஞ்சு, உனக்கு இங்கிலீசு தெரியும். இந்த இடம் முழுக்கத் தெரியும். நீ சொல்லு. இறங்க ஒரு வழியும் இல்லையோ?"

அம்மா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பொட்டு வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. இருக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அரைமணி நேரத்தில் ஏதாவது ஒரு காரை மறித்தாவது கரைக்குப் போய்விடலாம், அப்பாவுக்குத் தண்ணீர் போய்விடும். எனக்கு அது தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லைப் பெரியப்பா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கித்தான் இருந்தது.

"உன்ரை போத்திலைத் தா குஞ்சு."

கொடுத்தேன். குடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழும்பி என்னை வேலியடிக்குக் கூட்டிப்போய், என் இரண்டு கையையும் சேர்த்து வேலிக்கு அப்பால் நீட்டச் சொன்னார். தர்ப்பையை எடுக்கவில்லை. எள்ளுச் சரையை அவிழ்க்கவில்லை. பேர், கோத்திரம் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் தண்ணீரை என் கையில் வார்த்தார். அது விரல்களால் ஒழுகிக் காற்றில் சிதறிக் கீழே போனது.

"தம்பி, குடி. எங்கை நிண்டாலும் குடி. குடிச்சிட்டு வீட்டை வா" என்றார்.

எனக்குப் பதற்றம். "பெரியப்பா, எள்ளுப் போட மறந்திட்டியள்!"

"மறந்துதான் போனன் குஞ்சு. வயசு போட்டுதெல்லே."

திரும்பிப் பார்த்தால் அம்மா புல்லில் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார். பெரியப்பா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளை, பசிக்குது. எழும்பு, வீட்டை போவம்" என்று மட்டும் சொன்னார்.

நடந்த தூரமெல்லாம் திரும்பி நடந்தோம். பஸ் தரிப்புக்கு வந்தபோது, அடைத்துவிட்டதாக அம்மா சொன்ன அந்த வீதிவழியாக ஒரு குடும்பம் ஈரத் தலையோடு, கையில் துவாய்களோடு ஏறி வந்தது. பெரியப்பா ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டார். அம்மா தலையைக் குனிந்தார். பெரியப்பா பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் அம்மா அவருக்கு இலைபோட்டுப் பரிமாறினார். அவர் முதல் பிடி சோற்றை எடுக்கும் முன் அம்மா அவர் காலடியில் விழுந்து கும்பிட்டார். வாதக்காலோடு அவ்வளவு தூரம் நடந்ததற்காகக் கும்பிடுகிறார் என்று நான் நினைத்தேன். எனக்கும் சந்தோஷம், எள்ளு இல்லாவிட்டாலும் தண்ணீர் அப்பாவுக்குப் போய்விட்டது. அன்று நான்தான் அதிகம் கதைத்தேன். வேலிக்கு அப்பால் நீட்டிய என் கையில், அப்பாவை இறந்தவர் ஆக்குவதா இல்லையா என்ற கேள்வி இருந்ததும், ஒரு மூத்தவர் தன் தாகத்தை விட்டுக்கொடுத்து இன்னொருத்தியின் நெற்றிப் பொட்டைக் காப்பாற்றியதும் அப்போது எனக்கு விளங்கவில்லை. கலியாணமாகி, வேலையால் வரச் சுணங்கிய என் மனுசனுக்காக ஒருநாள் யன்னலடியில் நின்றபோதுதான் அது எனக்கு விளங்கியது.

பெரியப்பா அந்தக் கனவைப்பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை. அது நின்றதா என்று நானும் கேட்கவில்லை. அவர் போனார், அம்மாவும் அதே பொட்டோடு போனார். அம்மா சொன்ன பொய் பாவம் என்றால் அதில் என் பங்கும் உண்டு. அதை முருகனிடம் ஒப்புக்கொடுத்துவிட்டேன்.

வாசித்தவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். நடந்தபடியே சொல்லுங்கள். அம்மாவைக் கெட்டிக்காரி ஆக்கவும் வேண்டாம், பெரியப்பாவை மகான் ஆக்கவும் வேண்டாம். இரக்கப்பட்டு, அப்பா ஒருநாள் திரும்பி வந்தார் என்று கடைசியில் சேர்த்துவிடவும் வேண்டாம். அவர் இன்னும் வரவில்லை.