ஒரே பக்கம் சுற்றிய இரண்டு என்ஜின்கள்

1. ட்ரையல்

லாஞ்ச் படகு நேராகப் போகவில்லை. படித்துறையை விட்டு இருபதடி தள்ளியதும், நின்ற இடத்திலேயே வட்டமடிக்க ஆரம்பித்தது. டிரைவர் காசி ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தார். எந்தப் பலனும் இல்லை. கரையில் மாலையும் தேங்காயுமாக நின்ற அணை இலாகா ஜூனியர் என்ஜினியர், எங்கள் வாயில் ஜே.இ., "மேஸ்திரி, இன்னாய்யா பண்றீங்க அங்க?" என்று கத்தினார்.

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா சார்" என்றேன். இரண்டு மாதமாக அந்த மனிதரிடம் நான் பேசியதெல்லாம் இந்தத் தினுசில்தான்.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. ராணிப்பேட்டையில் ஒரு டீசல் வொர்க்‌ஷாப்பில் நான் ஹெட் ஃபிட்டர். எங்களுக்கு முக்கால்வாசி தோல் பதனிடும் ஷாப் வேலைதான். கரண்ட் போனாலும் தோல் புரளும் டிரம் நிற்கக்கூடாது என்பதால் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷாப்புக்கு ஒரு டீசல் என்ஜினாவது இருக்கும். சிமெண்ட் மேடையில் நிற்கும் அந்த என்ஜின்களைப் பிரித்து மாட்டிப் பழகியவன் நான். என்னைக் கேட்காமலே முதலாளி ரஹீம் பாய், அணை ஏரியில் ஓடும் பயணிகள் லாஞ்சுக்கு இரண்டு புது என்ஜின் மாட்டும் ஆர்டரைப் பிடித்து வந்துவிட்டார்.

"என்ஜின் என்ஜின்தானே மேஸ்திரி. தரையில ஓடுது, தண்ணியில ஓடாதா?" என்றார்.

ஏரிக்கு அந்தப் பக்கம் நான்கு கிராமங்கள். லாஞ்ச் இல்லையென்றால் அவர்கள் பஸ் பிடித்து, மலையைச் சுற்றிக்கொண்டு அரை நாள் பயணம் செய்ய வேண்டும். லில்லி என்று ஒரு நர்ஸம்மா, தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் அக்கரைக்குப் போவார். லாஞ்ச் நின்றதிலிருந்து பரிசலில் போய்க்கொண்டிருந்தார். காற்று எழும்பினால் பரிசல்காரர் வரமாட்டார். அன்றைக்கு நர்ஸம்மா படித்துறையிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"எப்ப ஓடும் மேஸ்திரி?"

"ஆயில் சீல் வரணும் சிஸ்டர்."

"போன வாரமும் அதானே சொன்னீங்க."

ஆயில் சீல் வந்தபோது போல்ட் வரவில்லை. போல்ட் வந்தபோது கிரேன்காரன் வேறு வேலைக்குப் போய்விட்டான். கடைசியில் சங்கிலிக் கப்பியில் கட்டி, எட்டுப் பேர் பிடித்து என்ஜின்களை இறக்கினோம். இவ்வளவும் முடித்து ட்ரையல் எடுத்தால், அது ராட்டினம் மாதிரி சுற்றுகிறது.

காசியிடம் ஒரு என்ஜினை நிறுத்தச் சொன்னேன். லாஞ்ச் முன்னால் போனது. அதை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் ஓட்டச் சொன்னேன். பின்னால் போனது. அடியில் இருக்கும் இரண்டு ப்ரொப்பல்லரும் ஒரே ஜாதி இல்லை. ஒன்று வலப்பக்கம் சுற்றினால் படகை முன்னால் தள்ளும். இன்னொன்று இடப்பக்கம் சுற்ற வேண்டும். நான் மாட்டிய இரண்டு என்ஜினும் ஒரே பக்கம் சுற்றின.

2. ரிவர்ஸ் கியர்

ஜே.இ.க்கு விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவரே வழியும் சொன்னார்.

"ஒரு என்ஜினை ரிவர்ஸ் கியர்லயே போட்டு ஓட்டு. நேராப் போவுமில்ல?"

"போவும் சார். ஆனா ரிவர்ஸ் கியர் கரைக்கு ஒதுக்குறப்ப ரெண்டு நிமிஷம் போடுறதுக்கு. நாள் பூரா ஓட்டுனா எரிஞ்சிடும். மாத்து ப்ரொப்பல்லர் வார்க்கணும்."

"எத்தினி நாளு?"

"மூணு வாரம்."

"நாளைக்கு லாஞ்ச் ஓடுதுன்னு நாலு ஊர்லயும் தண்டோரா போட்டாச்சு. மூணு வாரமாம்."

அணை ஆபீஸிலிருந்து பாய்க்கு டிரங்க் கால் போட்டேன். லைன் இரைச்சலில் அவர் குரல் வந்தது. "இங்க ரெண்டு ஷாப்புல டிரம் நிக்குது, ஒரே பேஜார். அவரு சொல்ற மாதிரி அட்ஜஸ்ட் பண்ணிட்டு வாங்க மேஸ்திரி."

செய்தேன். தப்பு என்று தெரிந்தே செய்தேன். ஆனால் ஊருக்குத் திரும்பவில்லை. தினமும் லாஞ்சில் ஏறி, கீழே என்ஜின் ரூமில் உட்கார்ந்து, அந்த கியர் பாக்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே காசியின் புலம்பல் கேட்டபடி இருக்கும். "ஒரு லீவரு முன்னாடி, ஒரு லீவரு பின்னாடி. எந்தக் கை எதுன்னே மறந்துபோவுது."

ஆறாம் நாள் சந்தை நாள். லாஞ்ச் நிறைய ஆட்கள், வேர்க்கடலை மூட்டைகள், நான்கு ஆடுகள். நடு ஏரியில் கியர் பாக்ஸைத் தொட்டவன் கையை உதறினேன். அடுத்த நிமிடம் ஆயில் கருகிப் புகை கிளம்பியது. என்ஜினை நிறுத்திவிட்டு மேலே ஓடி வருவதற்குள், புகையைப் பார்த்த ஜனங்கள் மொத்தமாக வலப்பக்கம் போய் ஒண்டிவிட்டார்கள். லாஞ்ச் அந்தப் பக்கம் சாய்ந்தது. தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. மூட்டை ஒன்று உருண்டு ஒரு கிழவர் காலில் மோதியது.

லில்லி நர்ஸம்மாதான் எழுந்து நின்றார். "எல்லாரும் உக்காருங்க. எங்க நிக்கிறீங்களோ அங்கயே உக்காருங்க. ஏம்மா, பிள்ளைய மடியில வையி" என்றார். ஊசி போடும்போது பேசுகிற அதே அதட்டல் குரல். அவர் ஊசி போட்டு வளர்ந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இருப்பார்கள். உட்கார்ந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இந்தப் பக்கம் நகர்த்தினார். லாஞ்ச் மெதுவாக நிமிர்ந்தது. காசி மற்ற என்ஜினை வைத்து, ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்தபடி முக்கால் மணி நேரத்தில் கரை சேர்த்தார்.

இறங்கும்போது நர்ஸம்மா என்னிடம் கேட்டார்: "இது இப்படி ஆவும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சிஸ்டர்" என்றேன். அவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

3. அளவுத்தாள்

லாஞ்சைக் கரையேற்றியபோதுதான் அந்த ப்ரொப்பல்லர்களை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். ஒன்றின் இறக்கை ஒரு பக்கம் முறுக்கியிருந்தது, மற்றதன் இறக்கை எதிர்ப்பக்கம். பார்த்த மாத்திரத்தில் தெரியும் வித்தியாசம். காசி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "பழைய என்ஜினுங்களும் எதிரெதிராத்தான் சுத்தும் மேஸ்திரி" என்றார்.

"இதை ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"நீங்க அளவெடுக்க வந்தன்னிக்கு ஜே.இ. கூடத்தான் பேசினீங்க."

மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. இலாகா கொடுத்த விவரத்தில்தான் கோளாறு என்று நிரூபிக்க பாய் ஃபைலைத் தேடி எடுத்தார். உள்ளே, என்ஜின் வாங்குமுன் லாஞ்சைப் பார்த்து விவரம் நிரப்பிய அளவுத்தாள் இருந்தது. ப்ரொப்பல்லர் என்ற கட்டத்தில் "இரண்டு. ஒரே மாதிரி" என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. கீழே என் ஒப்பம்.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. பழைய என்ஜின்களை இலாகா முன்பே கழற்றி விற்றிருந்தது. லாஞ்ச் தண்ணீரில் கிடந்தது. கரையேற்ற இரண்டு நாள் ஆகும் என்றார் ஜே.இ. ஆம்பூரில் ஒரு என்ஜின் மக்கர் செய்கிறது, மதியம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நான்தான் "வேணாம் சார், ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்" என்றேன். இரண்டு மாதமாக ஊரில் இருக்கிற எல்லோர் மேலும் எரிந்து விழுந்தவன், என் மேல் மட்டும் எரிந்து விழவில்லை.

பாய் தாளைக் கிழிக்கப் பார்த்தார். "இது வெளிய போனா நம்ம பேரு கெட்டுடும்."

"கெடட்டும் பாய். ஜனங்க முழுகிப் போயிருப்பாங்க" என்று வாங்கிக்கொண்டு போய் ஜே.இ. மேஜையில் வைத்தேன். ரிவர்ஸ் கியரில் ஓட்டச் சொன்னது யார் என்று அவர் தன் அறிக்கையில் எழுதினாரா, எனக்குத் தெரியாது. பாய் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாற்று ப்ரொப்பல்லர் வார்த்து மாட்டிய அன்று லாஞ்ச் நேராகப் போனது. யாரும் மாலை கொண்டுவரவில்லை.

அதற்குப் பிறகு, கண்ணால் பார்க்காத எதற்கும் நான் அளவுத்தாளில் விவரம் எழுதியதில்லை. அந்தக் கட்டத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதுவேன். பல முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஹெட் ஃபிட்டர் எழுதுகிற எழுத்தா இது என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் அதைப் படித்தவர்கள் எல்லோரும், முனகிக்கொண்டேயாவது, அந்தப் பாகத்தின் மூடியைத் திறந்து காட்டினார்கள்.