கோட்டுக்கு வெளியே

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் கால்பந்து அணியில், பள்ளிக்கூடம் முடித்த காலத்திலிருந்து நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். வலது முழங்கால் இரண்டாவது முறை பிசகியபோது கோயம்புத்தூர் டாக்டர், "நடங்க, மாடி ஏறுங்க. பந்து மட்டும் வேண்டாங்க" என்றார். அடுத்த வாரமே அணிப் பையன்கள் வீட்டுக்கு வந்து, "நீங்களே கோச்சா இருங்கண்ணா" என்றார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்று தெரிந்தும் சரி என்றேன். மைதானத்தை விட்டுப் போவதைவிட அதன் ஓரத்தில் நிற்பது சுலபம் என்று நினைத்தேன்.

அப்படி இல்லை. ஆடும்போது எனக்குப் பதற்றமே வந்ததில்லை. பந்து வரும், கால் போகும், நடுவில் யோசிக்க நேரம் இருக்காது. கோட்டுக்கு வெளியே நின்ற முதல் மேட்சில் கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. எதிரணி எங்கள் கோலை நெருங்கும்போதெல்லாம் என் கால் தானாக எட்டி உதைத்தது. பக்கத்தில் இருந்த தண்ணீர் கேன்தான் கவிழ்ந்தது. ஜாக்கெட்டுக்குள் ஜெர்சி போட்டுக்கொண்டு போவேன். துவைக்க எடுத்த மனைவி, "ஏனுங்க, இதை எதுக்குப் போட்டுட்டுப் போறீங்க? யாராச்சும் எறங்கச் சொல்லுவாங்கன்னா?" என்று கேட்டாள். குளிருக்கு என்றேன்.

நிற்க முடியாததால் கத்தினேன். ஒரு நாள் எங்கள் கோல்கீப்பர் ஆட்டத்தின் நடுவிலேயே திரும்பி, "அண்ணா, விடுங்கறீங்க, விடாதங்கறீங்க. எதைக் கேக்கறது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் அணியில் கோல் அடிப்பவன் என் நண்பன். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து லைன் வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் இப்போது நான் வேலை பார்க்கும் ஃபாக்டரிக்குப் பச்சைத் தேயிலை ஏற்றிவரும் வண்டியை ஓட்டுகிறான். வெளியே நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதி ஆட்டத்துக்கு மேல் அவனால் ஓட முடியவில்லை. கூட ஆடிய காலத்தில் அதை நான் கவனித்ததே இல்லை. அவன் வேகம் குறையக் குறைய என் பாஸும் தானாக மெதுவாகியிருக்கிறது.

குன்னூரில் ஒரு போட்டிக்கு முன்பு, காலையில் தேயிலை எடை போடும் இடத்தில் அவனைப் பிடித்தேன். சாக்குகளின் மேல் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம நீ பென்ச்சுல இரு. கடைசி இருவது நிமிசம் எறக்கறேன்."

"யாரு சொன்னது?"

"நாந்தான்."

"நீ சொல்ல மாட்ட. கோச்சுதான் சொல்றான்" என்றவன், முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு வண்டியை எடுத்துப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வரவே இல்லை. நாங்கள் ஜெயித்தோம். திரும்பும் பஸ்ஸில் பையன்கள் கும்மாளம் போட, நான் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சில வாரத்தில் அவன் ஜெகதளா பக்கத்து அணி ஒன்றுக்கு ஆடப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மழை ஓய்ந்ததும் அவர்களோடு எங்களுக்கு மேட்ச் வந்தது. கோலுக்கு முன்னால் தடுத்து ஆடும் எங்கள் பேக் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் வலது பக்கம் போற மாதிரி தோளைச் சாய்ப்பான். நம்பாத. எடது பக்கந்தான் போவான்" என்றேன். வலிக்கிற காலோடு நானே அவனைப் போல ஓடிக் காட்டினேன்.

அவர்களுடைய கோச் என் நண்பனைக் கடைசி இருபது நிமிடத்துக்குத்தான் இறக்கினார். முகம் கோணாமல் ஓடி வந்தான். பந்து கிடைத்தது. வலது தோளைச் சாய்த்தான். எங்கள் பையன் இடது பக்கத்தை மறித்து நின்றான். அவன் வலது பக்கமே போய், வலது காலால் அடித்தான். கோல். கைதட்டத் தூக்கிய கைகளைப் பாதியில் நிறுத்தினேன். எங்கள் கோல்கீப்பர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தோற்றுப்போய் டீக்கடையில் நின்றபோது நண்பனே பக்கத்தில் வந்தான்.

"சொல்லிக் குடுத்திருந்தியா?"

"ஆமா."

"தெரியும். பாவம், பையன் என் எடது காலையே பாத்துட்டு நின்னான்."

"அங்க மட்டும் இருவது நிமிசம் சம்மதமா?"

"அந்த ஆளு எனக்கு யாரு? உக்காருன்னா உக்காந்துக்குவேன். நீ சொன்னா..." டீயைக் குடித்தான்.

பஸ் ஏறும்போது பேக் பையன் கண் கலங்கி வந்தான். "நீங்க சொன்ன மாதிரிதாண்ணா நின்னேன்."

"நின்ன. நான் சொன்னதுதான் தப்பு. உனக்கு என்ன தோணுச்சு?"

"வலது பக்கம் போறாருன்னுதான் தோணுச்சு."

"அப்பறம் ஏன் போகல?"

"நீங்க வேண்டாம்னீங்களே."

அந்த வாரத்திலிருந்து பயிற்சியில் குறைவாகச் சொல்லி, அதிகமாகக் கேட்கப் பழகிவருகிறேன். மேட்சின்போது இப்போது கத்துவதில்லை. அதற்குப் பதிலாக நடக்கிறேன். லைன்ஸ்மேன், "பின்னாடி போங்க சார்" என்று சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டார். நண்பன் இந்த வருடமும் அங்கேதான் ஆடுகிறான். காலையில் தேயிலை இறக்க வரும்போது மழை, பிள்ளைகள், ரோடு என்று எல்லாம் பேசுகிறோம். பந்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை.