வேப்பனப்பள்ளிக்குப் போதாத மூன்று மில்லிமீட்டர்

ஓசூரில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த லோகேஷ் போன ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனிக்கு வேலைக்குப் போனான். வேப்பனப்பள்ளி பக்கத்தில் இருக்கும் அவன் வீட்டிலிருந்து காலை பத்து மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கார். "பஸ் ஏறி வந்துடுடா" என்றான். நான்தான் சைக்கிளில் வருவேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஓசூரில் அவனை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. வழியனுப்பவாவது ஒழுங்காகப் போயிருக்கலாம்.

என்னுடையது ரோடு பைக். அதன் பிரேமே தார்ச்சாலைக்கென்று செய்தது. பின்சக்கரம் சீட்டுக் குழாயை ஒட்டியிருக்கும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நிமிர்ந்து நிற்கும், ஹேண்டில்பார் தொட்டால் திரும்பும். மெல்லிய டயருக்குத்தான் அதில் இடம். கடைசி நான்கு கிலோமீட்டர் மாந்தோப்பு மண்பாதை என்பதால், 25 மில்லிமீட்டர் டயரைக் கழற்றி 32 மாட்டினேன். வெர்னியர் அளவுகோலில் அளந்தால் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவனுக்கு மூன்று மில்லிமீட்டர் என்றால் கடல் அல்லவா!

கிளம்பும்போது 6:50. சூளகிரி 25 கி.மீ., 8:05. டீ பன்னிரண்டு ரூபாய். நெடுஞ்சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மண்பாதையைத் தொட்டபோது 9:20. முந்தின இரவு மழை பெய்திருந்தது. இருநூறு மீட்டர்கூடப் போகவில்லை, டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் செம்மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிட்டது. வழித்துப் போட்டால் பத்தடி நகரும், மறுபடி நிற்கும்.

தோப்பில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் அருகில் வந்து பார்த்தார்.

"என்னா சாமி, டயருக்கு எடம் வுட்டிருக்கற. மண்ணு போவ எடம் எங்க?"

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. நான் டயரை மட்டும்தான் அளந்திருந்தேன்.

9:55க்கு போன் வந்தது.

"எங்கடா இருக்க?"

"தோப்புலதான். சக்கரம் சுத்தலடா."

"கார் வந்துடுச்சுடா, பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. மாலூர் வழியா போறோம், உன் பக்கம் வரமாட்டோம். நீ வீட்டுக்குப் போய்ச் சாப்ட்டுட்டுத்தான் கெளம்பணும்."

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு 10:40க்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் கார் தடம் ஈரமாக இருந்தது. அவன் அம்மா, "வா நாயனா, கை கழுவு" என்று மகனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, களியும் கீரையும் வைத்தார். சாப்பிட்டு எழுந்ததும் அவரே சொன்னார்:

"அவன் சைக்கிள எடுத்துக்கோ, உன்னுது இங்கயே கெடக்கட்டும். உனக்குன்னு காத்தடிச்சு வெச்சிட்டுப் போனான்."

அது மலைப்பாதை வண்டி. ஃபோர்க் முன்னால் சாய்ந்திருக்கும், பின்சக்கரம் தள்ளியிருக்கும், டயர் இரண்டு அங்குலத்துக்கு மேல். அதே சேற்றை அது சட்டை செய்யவில்லை. நெடுஞ்சாலையில்தான் மாடு மாதிரி இழுத்தது, ஓசூர் வர நான்கு மணி நேரம் ஆனது.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: வெர்னியர் வேண்டாம், டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் தார்ச்சாலையோடு திரும்பிவிடுங்கள். யாரையாவது வழியனுப்பப் போவதானால் பஸ்ஸில் போங்கள்.

இன்னொன்று, சீட் உங்கள் கால் அளவுக்கு இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் முட்டி வலிக்கும். எனக்கு வலிக்கிறது. லோகேஷ் என்னைவிட நாலு விரல் உயரம், சிக்னலில் நின்றால் எனக்கு நுனிக்கால்தான் எட்டுகிறது. சீட் போல்ட்டைத் தளர்த்தும் அலன் கீ பையில்தான் இருக்கிறது. சீட்டை இன்னும் இறக்கவில்லை.