பரிசு பெற்ற கூரை

அந்தப் படத்தை இப்போது எங்கே பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எடுத்தவன் நான்தான், பரிசு வாங்கியவனும் நான்தான். ஆனாலும் அதைச் சட்டம் போட்டு ஸ்டூடியோவில் மாட்டச் சொன்னவர்களிடம், வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்றுதான் சொன்னேன்.

மாத்தளை டவுனில் எனக்குச் சின்ன ஸ்டூடியோ. கல்யாணம், பூப்புனித நீராட்டு, பாஸ்போர்ட் படம், இதுதான் பிழைப்பு. மாவட்டத்தின் பழைமையான கட்டடங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பொதுமக்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். தொழிலில் இருக்கிற எல்லாரும் அலுவிகாரைக் குகைக்கும் நாவுலப் பக்கத்துக் கல்கோயிலுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு மட்டும் எல்கடுவ மலைத் தேயிலைத் தோட்டத்தில் அக்கா குடியிருக்கும் லயம் ஞாபகம் வந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கென்று வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வரிசை வீடு. அதுவும் பழைய கட்டடம்தானே? அதில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

லயத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை, அதுதான் காம்பரா. அக்காவின் காம்பராவில் கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து வருஷக்கணக்காகிறது. மழை பெய்தால் அடுப்படியில் ஒரு வாளி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி. தோட்டத்து ஆபிஸில் கேட்டால் அடுத்த மாசம் என்பார்கள். இந்தத் தடவை அக்காவுக்கு அவசரம். மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வர இருந்தாள். பச்சைப்பிள்ளையை இந்தக் கூரைக்குக் கீழே எப்படிப் படுக்க வைப்பது என்று அக்கா போனில் ஓயாமல் புலம்பினாள். படத்தைப் பார்த்தாவது நாலு பெரிய மனிதர்கள் வெட்கப்படட்டும், தகரம் வந்து சேரட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று முன்கூட்டியே சொன்னேன். அங்கேதான் காரியம் கெட்டது. எங்கள் லயங்களில் போட்டோ பிடிக்க ஆள் வருகிறது என்றால் அது கல்யாண வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பை மெழுகிக் கோலம் போட்டிருந்தது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. பக்கத்துக் காம்பராக்காரர்களும் தங்கள் வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். கூரையில் ஓட்டை தெரிந்த இடத்துக்குப் பூசணிக்கொடியை இழுத்துப் படரவிட்டிருந்தாள் அக்கா. கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள்.

"வாளியெல்லாம் எங்கக்கா?"

"கட்டிலுக்கடியில தள்ளிட்டேன்."

"அதத்தானே நான் எடுக்க வந்தேன். வெளிய எடுத்து வை."

"ஒனக்கென்ன பைத்தியமா தம்பி? டவுன்ல நாலு பேரு பாக்குற படம். வாளியப் போயி யாராவது காட்டுவாங்களா? மாப்பிள்ள வீட்டு ஆளுங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

எவ்வளவு சொல்லியும் அவள் அசையவில்லை. வெயில் வேறு அன்றைக்கென்று பளிச்சென்று அடித்தது. வேறு வழியில்லாமல் எடுத்தேன். எழுத்திலாவது உண்மை இருக்கட்டும் என்று, 'இந்தக் கூரை ஒழுகுகிறது, இதற்குக் கீழே ஒரு குழந்தை வரப்போகிறது' என்று எழுதிப் படத்தோடு அனுப்பினேன்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசளிப்பு மண்டபத்தில் படத்தைப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள். நான் எழுதியதைக் காணோம். 'காலத்தை வென்ற லயம்' என்று யாரோ புதிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். வென்றதாம்! ஒரு சாதாரண மழையைத் தாங்காத கூரை காலத்தை வென்றதாம். நடுவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே பெரிய உத்தியோகத்தில் இருப்பவர். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்ல வடிவாயிருக்கு தம்பி. அந்தத் துருப்பிடிச்ச தகரத்தின்ரை நிறம்தான் படத்துக்கு உயிர். அதை மட்டும் மாத்த விடாதேங்கோ."

"ஐயா, அது ஒழுகுது."

"பழசெண்டால் அப்பிடித்தானே," என்று சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போனார். ஓங்கி ஒரு அறை விடவேண்டும்போல இருந்தது. கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. தகரம் உண்மையிலேயே வந்துவிட்டது. ஆபிஸ் ஸ்டோரில் இறக்கியதை அக்காவே கண்ணால் பார்த்தாள். ஆனால் படம் பேப்பரில் வந்ததும் ஆபிஸுக்குப் புது ஞானம் பிறந்தது. லயத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், இப்போதைக்குக் கூரையில் கை வைக்க வேண்டாம் என்றார்கள். நான் நேரே போய்ச் சண்டை போட்டேன்.

"நீங்கதானே சார் போட்டோ அனுப்புனீங்க," என்றார் கிளார்க். அந்த மனிதர் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து கைப்பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். அக்கா அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. மழைக்கு மூடும் நீலப் படங்கு ஒன்றை வாங்கி வந்து கூரை மேல் விரித்து, காற்றில் பறக்காமலிருக்கப் பழைய டயர்களைத் தூக்கி வைத்தாள். தூரத்திலிருந்து பார்த்தாலும் முதலில் அந்த நீலம்தான் கண்ணில் பட்டது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

கொஞ்ச நாளில் ஒரு வேன் நிறையக் கேமராக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒரு பெண் கூரையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு அக்காவிடம் வந்தாள்.

"அம்மா, அந்தப் படங்கைக் கொஞ்சம் எடுக்க ஏலுமா? ரெண்டே நிமிஷம்."

"எடுக்குறேங்க," என்றாள் அக்கா. "அந்த ரெண்டு நிமிஷம் நீங்க உள்ள வந்து புள்ளைக்கு மேல குனிஞ்சு நிக்கிறீங்களா?"

ஒருவரும் உள்ளே போகவில்லை. தகரம் இன்னும் ஸ்டோரில்தான் கிடக்கிறது.