அக்காவோடு பேசிய பத்தொன்பது நிமிடம்

என் போனில் அக்காவிடமிருந்து வந்த கால் ஒன்று இருக்கிறது. மதியம் இரண்டு பதினொன்று. பத்தொன்பது நிமிடம். அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகம் இல்லை. மறுநாள் அக்கா செத்துப்போனாள்.

அன்று நான் அந்தமானில், எங்கள் தீவில் கப்பல் ஏறும் ஹட் பே ஜெட்டியில் இருந்தேன். அக்காவுக்கு மறுநாள் காலையில் போர்ட் பிளேரில் வயிற்றில் ஆபரேஷன். கணவரோடும் சின்ன மகள் பாப்பாவோடும் அவள் இருந்தது அங்கேதான். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். நான் குடிக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து மூன்று மாதமாக என்னோடு பேசவில்லை. நேரில் போய் நின்றால் பேசுவாள் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கூட என் கூட்டாளியும் வந்தான். ஒன்பதாவதோடு படிப்பை விட்ட நாளிலிருந்து அவனும் நானும் ஒன்றாகத்தான் ஒயரிங் வேலை பார்க்கிறோம்.

கடல் சரியில்லை, இன்றைக்குக் கப்பல் இல்லை, நாளைக் காலைதான் என்றார்கள்.

எங்கள் தீவில் கப்பல் கேன்சல் ஆனால் அந்த நாளே கேன்சல் ஆன மாதிரி. வேலைக்கு லீவு சொல்லியாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பிப் போக மனசு வராது. ஆம்பளைகள் குடிப்பார்கள். அதை யாரும் குடி என்று சொல்வதில்லை.

கூட்டாளி ரம் வாங்கி வந்தான். காலையிலிருந்து என் வயிற்றில் ஒன்றுமில்லை.

“ரெண்டு பூரியாவது வாங்கிட்டு வாடா.”

“அரே பாய், பூரிக்கு இடம் விட்டா ரம்மு எங்க போகும்? அடி, டென்ஷன் போகும்.”

மடமடவென்று அடித்தேன். மூன்று வரைக்கும் எண்ணினேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது சாயங்காலம். ஜெட்டி ஷெட்டில் பைமேல் தலை வைத்துக் கிடந்தேன். போனைப் பார்த்தேன். அக்காவிடமிருந்து வந்த கால், பத்தொன்பது நிமிடம்.

“டேய், அக்கா பேசிச்சா?”

“பேசிச்சே. ஸ்பீக்கர்ல போட்டு நல்லாத்தானே பேசின?”

“என்ன சொல்லிச்சு?”

அவன் காலி பாட்டிலை எடுத்துக் கடலில் எறிந்தான். “உம்மேல கோவம் இல்லன்னுச்சு. பாப்பாவ பாத்துக்கோன்னுச்சு. அழுவாதடா.”

மறுநாள் கப்பல் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆபரேஷனுக்குப் போனவள் கண்ணைத் திறக்கவே இல்லை. அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, என்னை மருந்து வாங்க அனுப்பிட்டு உன்கிட்டதான் பேசினா. என்ன சொன்னா?”

கூட்டாளி சொன்னதை அப்படியே சொன்னேன். குடித்திருந்ததைச் சொல்லவில்லை. மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பதினாறாம் நாள் வரைக்கும் வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்.

ஊர் திரும்பிய பிறகு, கை வெட்டுக்குக் கட்டுப்போடப் போன இடத்தில் மலையாளி நர்ஸ் ஒருவரிடம், குடித்துவிட்டு மயங்காமல் பேசியது எப்படி மறக்கும் என்று கேட்டேன்.

“மயங்கி விழுந்தாத்தான் மறக்கும்னு நெனச்சியா? நடப்பே, சிரிப்பே, பேசுவே. தலை மட்டும் எழுதி வெக்காது. வெறும் வயித்துல வேகமா ஊத்தினா அப்படித்தான்.”

“அப்பறம் ஞாபகம் வருமா சிஸ்டர்?”

“எழுதாதது எப்படி வரும் மோனே?”

ஆகவே கூட்டாளி சொன்ன அந்த இரண்டு வரிதான் எனக்கு மிச்சம். தினமும் அக்காவின் குரலில் அதை நினைத்துப் பார்ப்பேன். நாளாக ஆக, நிஜமாகவே கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

போன மாதம் ஒரு வேலைக்காக ஐலேண்டர் கார்டை, கப்பல் டிக்கெட்டுக்குக் காட்டும் எங்கள் தீவு அடையாள அட்டையை, வெளியே எடுத்தேன். பிளாஸ்டிக் கவரில் கார்டோடு அன்றைக்கு மாற்றி வாங்கிய டிக்கெட்டும் மடித்துக் கிடந்தது. கப்பல் கேன்சல் ஆனால் ஒருவன் இரண்டு பேர் கார்டையும் வாங்கிக்கொண்டு கவுன்ட்டர் வரிசைக்குப் போவான், இன்னொருவன் ஜெட்டியில் பையைப் பார்த்துக்கொள்வான். எங்கள் வழக்கம் அது. டிக்கெட்டில் நேரம் அச்சடித்திருந்தது. இரண்டு இருபது. அக்கா என்னோடு பேசிக்கொண்டிருந்த நேரம் அது; ஜெட்டியில் கிடந்தவன் நான்.

கூட்டாளி ஏணிமேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தான். டிக்கெட்டையும் போனையும் நீட்டினேன்.

“இந்த நேரத்துல நீ எங்க இருந்த?”

கீழே இறங்கினான். “வரிசைல.”

“அப்ப அக்கா சொன்னது?”

“அழுதுட்டே என் மூஞ்சியப் பாத்துக் கேட்ட. ஊத்திக் குடுத்தவன் நானு. தெரியாதுன்னு எப்படிடா சொல்றது?”

“அதுக்கு எங்கக்கா வாயில நீ வார்த்தைய வெப்பியா?”

ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நான் திரும்பி வரும்போது போன் உன் காதுல இருந்துச்சு. ‘சரிக்கா, சத்தியமா, சத்தியமா’ன்னு சொல்லிட்டிருந்த. அவ்ளோதான் தெரியும். இது நிஜம்.”

அவனோடு வேலைக்குப் போவதை விட்டுவிட்டேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவரிடம் இருப்பதும் அந்த இரண்டு வரிதான்.

குடியை முழுசாக விட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பிட்ட பிறகுதான் கிளாஸைத் தொடுகிறேன். மெதுவாக, நடுவில் தண்ணீர் குடித்து, இரண்டோடு நிறுத்திவிடுகிறேன். கப்பல் இல்லாத நாளில் தொடுவதே இல்லை. இதுவரை எந்த நாளும் தொலையவில்லை.

கூட்டாளிமேல் உள்ள கோபம் ஒரு பக்கம். சத்தியம் செய்த வாய் என்னுடையது. அக்கா எதற்குச் சத்தியம் கேட்டாள்? பாப்பாவுக்காகவா? இல்லை, குடியை விடச் சொல்லியா? அப்படியென்றால் இந்த இரண்டு கிளாஸையும் அவளை ஏமாற்றித்தான் குடிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சோறும் மீனும் சாப்பிட்டுவிட்டு ஒன்று ஊற்றினேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன். பிறகு கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்து அக்காவின் அந்தப் பத்தொன்பது நிமிடத்தைப் பார்த்தேன். கிளாஸில் எறும்பு விழும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.