மடிப்பு குரூப்பும் ஒரு ரோஜாப்பூ நிறப் பட்டும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நால்வரை நான் பெற்றேன். செல்வியைப் பெற்றவள் என் தங்கை. ஐந்து பேரும் இன்று தங்கள் காலில் நிற்கிறார்கள். நான் ரப்பர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். இதையும் நான் சொல்லச் சொல்ல, செல்வியின் மகள் யாழினிதான் எழுதுகிறாள். ஆனாலும் ஜெலுத்தோங்கில் எனக்கென்று ஒரு கடை இருக்கிறது. முகம் பார்க்காத பெண்களைப் போனில் சேர்த்து வைத்து இந்தக் கடை எப்படி நடக்கிறது என்று தொழில் தொடங்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். சொல்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

அயர்ன் செக்ஷன்

கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் அயர்ன் செக்ஷனில் வேலை பார்த்தேன். காலையில் ஃபெரி ஏறிப் போவேன். சில நாள் கடல்மேல் பனி மூடியிருக்கும். இந்தக் கரையும் தெரியாது, அந்தக் கரையும் தெரியாது. உள்ளே போனால் ஸ்டீம் அயர்ன் ஆவி. அதுவும் வெள்ளை. இப்போது நினைத்தால் என் வயதில் பாதியை மேகத்துக்குள் நின்றே கழித்த மாதிரி இருக்கிறது. கை மட்டும் தெரியும், கைக்குக் கீழே துணி தெரியும். அந்தக் கைதான் பிறகு எனக்குச் சோறு போட்டது.

வேலையை விட்டு வந்தபின் வீட்டிலேயே புடவை ப்ரீ-ப்ளீட் செய்யத் தொடங்கினேன். முந்தானை மடிப்பையும் கொசுவத்தையும் முன்கூட்டியே பிடித்து, கிளிப் போட்டு, ஆவி காட்டி, பெட்டிபோல் மடித்துக் கொடுப்பது. புடவை கட்டத் தெரியாத பெண்கூட அதை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஒரு நாள் ஒரு பெண் மூன்று பட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். புதுசு மாதிரியே இருந்தன. ஆனால் அவள் முகம் வாடியிருந்தது.

"ஒரு தடவதான் ஆண்ட்டி கட்டுனேன். போட்டோ போட்டுட்டேன், சொந்தக்காரங்க எல்லாம் பாத்துட்டாங்க. இனிமே எப்படிக் கட்டறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து வந்தவளும் அதையே சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. இந்த ஊரில் எத்தனை அலமாரிகளில் எத்தனை பட்டுகள் தூங்குகின்றன என்று நினைத்துக்கொண்டே அன்றைய நாள் முழுக்க அயர்ன் வைத்தேன். நீலமும் மாம்பழ மஞ்சளும் மயில் கழுத்துப் பச்சையும் ஒவ்வொரு ஃப்ளாட்டிலும் இருட்டில் மடங்கிப் படுத்திருக்கின்றன. ஒருத்தி கட்டியதை அவள் சொந்தம் பார்த்துவிட்டது. இன்னொருத்தியின் சொந்தம் பார்க்கவில்லையே.

செல்விதான் போனில் குரூப் திறந்தாள். பெயர் 'மடிப்பு'. பட்டு வைத்திருப்பவர்கள் என்னிடம் கொடுத்து வைப்பார்கள். வேண்டுமென்பவர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். வாடகையில் உடையவளுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு. மடிப்புக் கூலி எனக்கு.

குரலின் குரூப்

எனக்கு எழுத வராது என்பதால் எல்லாவற்றையும் வாய்ஸிலேயே பேசினேன். நான் பேசியதால் மற்றவர்களும் பேசினார்கள். அதுவே பழக்கமாகிவிட்டது. நான் ஒரே ஒரு சட்டம் போட்டேன்: புடவையைக் கொடுப்பவள் அது எங்கே வாங்கியது, எந்த விசேஷத்துக்குக் கட்டியது என்று சொல்ல வேண்டும். கட்டிவிட்டுத் திருப்பித் தருபவள் அது போய் வந்த இடத்தைச் சொல்ல வேண்டும்.

இதற்காகத்தான் பெண்கள் குரூப்பில் இருந்தார்கள் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புடவை வேண்டாதவர்களும் இருந்தார்கள். காலையில் பசியாறும் நேரத்துக்கு ஒருத்தி ஈப்போ கல்யாணத்தைச் சொல்வாள். இன்னொருத்தி பஸ்ஸில் உட்கார்ந்தபடி, மாமியார் முதல்முறையாகத் தன்னை நல்லா இருக்கிறாய் என்று சொன்னதைச் சொல்வாள். பின்னால் பஸ் மணி அடிக்கும். நான் கொசுவம் பிடித்தபடி கேட்பேன். எந்தக் குரல் எந்தப் புடவையினுடையது என்று என் விரலுக்கே தெரிந்திருந்தது.

என் கடைசி மகன் விற்பனை வேலையில் இருப்பவன். "குரூப்ல வியாபாரத்த விட அரட்டைதான்மா அதிகம்" என்று கிண்டல் செய்வான். தினமும் விலை போட்ட போஸ்டர் போடச் சொன்னான். போட்டோம். ஒரே வாரத்தில் குரல்கள் குறைந்துவிட்டன. சந்தையில் யார் தன் கதையைச் சொல்வார்கள்? போஸ்டரை நிறுத்தினோம், குரல்கள் திரும்பின. ஆனால் முன்பணம் வாங்கச் சொன்னதும் அவன்தான். அது நல்ல யோசனை. இன்றுவரை வாங்குகிறேன்.

இப்படி வளர்ந்து, செல்வி தன் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டாள். புருஷன் இல்லாதவள், படிக்கிற மகள் இருக்கிறாள். ஜெலுத்தோங் மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடையை வாடகைக்குப் பிடித்தோம். அவள் சோறு இனி இந்தக் குரூப்பில்தான் என்று ஆனபிறகுதான் அந்தச் சம்பவம் நடந்தது.

கஸ்தூரி கட்டிப் போன புடவை

ஆயர் ஈத்தாமில் இருக்கும் மங்களேஸ்வரி அம்மா தன் கல்யாண வரவேற்புக்குக் கட்டிய பட்டைக் கொடுத்து வைத்திருந்தார். ரோஜாப்பூ நிறம். வெயிலில் பிடித்தால் உள்ளே யாரோ விளக்கு ஏற்றி வைத்த மாதிரி இருக்கும். எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட புடவை அதுதான். தாசேக் கெலுகோரில் இருக்கும் கஸ்தூரி என்ற பெண் அதை ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போனாள். அடுத்து ஒரு பெண்ணின் பரிசத்துக்குப் போவதாக இருந்தது.

கஸ்தூரி புடவையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஆண்ட்டி, திட்டாதீங்க. மண்டபத்துல இருக்கறப்பதான் போன் வந்திச்சு. சரோஜாக்கா செத்துட்டாங்க. அம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போனா என்னைப் பாத்துக்கிட்டவங்க அவங்கதான். எடுக்கற நேரம் ஆச்சுன்னாங்க. வீட்டுக்குப் போயி மாத்த நேரமில்ல. இந்தப் புடவையோடவே போயி அவங்க மேல விழுந்து அழுதுட்டேன்."

அவளை உட்காரவைத்து காப்பி கலந்து கொடுத்தேன். அவள் போனதும் செல்வி புடவையை எடுத்து நிழலில் ஆறப் போட்டாள்.

"யாருக்குத் தெரியப் போவுது பெரியம்மா? ஆவி காட்டி மடிச்சு வெச்சா முடிஞ்சது. வெளிய சொன்னா ஒருத்திகூட இருக்க மாட்டா. கடை வாடகைய நெனச்சுப் பாருங்க."

அவள் பயம் நியாயமானதுதான். நான் வெகுநேரம் அந்தப் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் அது மெல்ல ஊதி அடங்கியது, மூச்சு விடுகிற மாதிரி. அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் துக்க வீட்டுக்குப் போன புடவையை நல்ல காரியத்துக்குக் கட்டலாமா என்பதைக் கட்டுகிறவள்தான் முடிவு செய்ய வேண்டும். தட்டு மாற்றும்போது உட்காரப் போகிறவள் அவள். அவளுக்குத் தெரியாமல் நான் முடிவு செய்தால், அதற்குப்பின் இந்தக் குரூப்பில் யார் எதைச் சொன்னாலும் அதற்கு மதிப்பில்லை.

கஸ்தூரியைக் கூப்பிட்டேன். "நீயே குரூப்ல சொல்லிடும்மா. நான் சொன்னா அது கோள் மாதிரி இருக்கும். நீ சொன்னா அது உன் துக்கம்" என்றேன்.

அவள் சொன்னாள். சரோஜாக்கா தலை சீவிவிட்டது, வெயிலில் தூக்கிக்கொண்டு நடந்தது எல்லாம் சொன்னாள். அதற்குப்பின் குரூப்பில் ஒரு சத்தமும் இல்லை.

பரிசக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மங்களேஸ்வரி அம்மா நேரில் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் குடுத்தது கல்யாணத்துக்கு, அக்கா. எழவு வீட்டுக்கு இல்ல. இத நான் இனிமே வீட்டுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போக முடியாது."

புடவையின் விலையைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அவர் செய்தது தப்பில்லை. அவர் நம்பிக்கை அவருக்கு. அவர் போனபின் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து தங்கள் பட்டுகளை எடுத்துப் போனார்கள். அம்மா கேட்கிறார், தங்கச்சிக்கு வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அலமாரியில் நிறங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் ரோஜாப்பூ நிறம் மட்டும் தனியாகத் தொங்கியது. செல்வி பழைய ஃபேக்டரிக்குப் போன் போட்டு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டாள். எனக்குக் கேட்கக்கூடாதென்று வாசலுக்குப் போய்ப் பேசினாள். எனக்குக் கேட்டது.

லெட்சுமி

குரூப்பை விட்டுப் பலர் போகவில்லை என்பதைச் செல்விதான் கவனித்தாள். பெயர்கள் அப்படியே இருந்தன, பேச்சுதான் இல்லை. அந்தப் பெயர்களில் ஒன்று பட்டர்வொர்த்தில் இருக்கும் லெட்சுமி. ஒரு தடவைகூடப் பேசாதவள், புடவையும் எடுத்ததில்லை. ஒரு பெருநாள் லீவு அன்று காலை அவளிடமிருந்து எனக்குத் தனியாக வாய்ஸ் வந்தது.

"ஆண்ட்டி, என்னை உங்களுக்குத் தெரியாது. அம்மா போயிட்டாங்க. அப்பா இருக்காரு, அதனால பட்டு கட்டித்தான் அனுப்பணும். அம்மா படுத்த படுக்கையா இருந்ததால புடவையெல்லாம் குடுத்துட்டோம், கடை ஒண்ணும் திறக்கல. அந்த ரோஸ் கலர் இன்னும் இருக்கா? உங்க குரூப்ல எல்லாரும் பேசறதக் கேட்டுக்கிட்டேதான் அம்மா கஞ்சி குடிப்பாங்க. அந்தப் புடவைய மட்டும் போட்டோவுல திரும்பத் திரும்பக் காட்டச் சொல்வாங்க."

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே அயர்னைப் போட்டிருந்தாள்.

படுத்திருக்கும் உடம்புக்குப் புடவை கட்டுவது கஷ்டம். தூக்க வேண்டும், புரட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கவே மனம் தாங்காது. நான் அத்தனை வருடத்தில் ஒரு பட்டில் கத்தரி வைத்ததில்லை. அன்று வைத்தேன். கொசுவத்தைத் தனியாகப் பிடித்து நாடாவில் தைத்தேன். முந்தானையைத் தனியாக மடித்துத் தோளுக்கு ஊக்கு வைத்தேன். முதுகுக்குக் கீழே துணியே போகாதபடி செய்தேன். இனி இந்தப் புடவை திரும்பி வராது என்று தெரிந்தேதான் வெட்டினேன்.

அந்தக் கரைக்குப் போகும் பாலத்தில் செல்வி காடி ஓட்டினாள். மடியில் புடவையை வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நாங்கள், என் மடியில் அந்த நிறம். கல்யாணத்துக்குப் போகிற மாதிரித்தான் இருந்தது. அந்த வீட்டில் லெட்சுமியும் நானும் சேர்ந்து, அந்த அம்மாவை அசைக்காமலே கட்டிவிட்டோம். நெற்றியில் குங்குமம் வைத்து, பூ வைத்ததும், நோயெல்லாம் முகத்தைவிட்டு இறங்கிப் போனது. அவர் புருஷன் கதவருகே நின்று பார்த்தார்.

"எங்க கல்யாணத்தன்னைக்கு இப்படித்தான் இருந்தா" என்றார்.

காசு கொடுக்க வந்தார்கள். வாங்கவில்லை.

இரண்டு அலமாரி

பதினாறாம் நாள் காரியம் முடிந்து லெட்சுமி குரூப்பில் முதல்முறையாகப் பேசினாள். புடவை போய்ச் சேர்ந்த இடத்தைச் சொன்னாள், சட்டம் அதுதானே. அன்று மாலைக்குள் நாங்கள் ஒருநாளும் கேட்காத குரல்கள் வந்தன. அத்தனை பேர் இத்தனை நாளாகப் பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "கருமாதிக்குக் கட்ட சாதாப் புடவை கிடைக்குமா ஆண்ட்டி? என்கிட்ட இருக்கறதெல்லாம் ஜரிகைதான்."

அதை யாரும் எந்தக் கடையிலும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். செல்வி இன்னொரு குரூப் திறந்தாள். இன்னொரு அலமாரி வாங்கினோம். இந்த அலமாரிப் புடவை அந்த அலமாரிக்குப் போகாது, அது புதுச் சட்டம். துக்கக் குரூப்பில் நாங்கள் வாடகை வாங்குவதில்லை. துவைத்து மடிக்கும் கூலி மட்டும். மகன் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தான். ஆனால் துக்கத்தில் எங்களை நம்பி வந்தவர்கள்தான் வருடம் திரும்பியதும் மகளுடைய கல்யாணப் புடவைகளை மொத்தமாக மடிக்கக் கொண்டுவந்தார்கள். தூங்கப் போன பட்டுகளும் அலமாரிக்குத் திரும்பின. இன்று கே.எல்., சிங்கப்பூரிலிருந்தும் பார்சல் வருகிறது. வாடகை, கரண்டு, வேலைக்கு வைத்த இரண்டு பெண்களின் சம்பளம் எல்லாம் போக லாபம் நிற்கிறது. ஃபேக்டரி கொடுத்ததைவிட அதிகமாகச் செல்வி வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். மங்களேஸ்வரி அம்மா மட்டும் இன்னும் வரவில்லை.

தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். குரூப்பில் பேசுகிறவர்களைப் பார்த்து மட்டும் கடையை நடத்தாதீர்கள். பேசாமல் கேட்கிறவர்கள் அதைவிட அதிகம். நீங்கள் மறைத்தால் முதலில் அவர்களுக்குத்தான் தெரியும். வருகிறவர்கள் தங்களுக்குள் பேச இடம் கொடுங்கள், அதில் என்ன வேண்டுமென்று அவர்களே சொல்வார்கள். அதை நன்றாகச் செய்து கொடுத்தால் காசு தானாக வரும். முன்பணம் மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாழினி, எழுதியது போதும். முதலிலிருந்து ஒருமுறை படி. போனைப் பக்கத்தில் வை, அப்படியே இரண்டு குரூப்புக்கும் வாய்ஸாகப் போகட்டும். மெதுவாகப் படி லா. எங்கேயோ ஒருத்தி கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்பாள்.